வாசல் ஃபோகஸ் லைட்டை மாற்றுகிறீர்களா? வாட்ஸ் கணக்கு கடைசியில்தான்!

வீட்டு மின்சாரம், தோட்டத்து மின்சாரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் வீடு தோட்டத்துக்குள் இருக்கிறது. மூன்று கறவை மாடுகளும் பதினைந்து ஆடுகளும் வைத்திருக்கிறோம். வாசலில் இரும்புக் கம்பத்தில் 500 வாட்ஸ் ஹாலஜன் ஃபோகஸ் லைட் போட்டிருக்கிறோம். பக்கத்துத் தோட்டத்தில் ஆடு திருட்டுப் போனதிலிருந்து விடிய விடிய எரியவிடுகிறோம். கரண்ட் பில் கட்டி முடியவில்லை. எல்.இ.டி. மாற்றலாம் என்றால், 200 வாட்ஸ் போட்டால்தான் பழைய வெளிச்சம் கிடைக்கும் என்கிறார் கடைக்காரர். எத்தனை வாட்ஸ் வாங்க வேண்டும்? மழை நாட்களில் அந்தக் கம்பத்தைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்று இருக்கிறது. லைட்டை மாற்றினால் அது சரியாகிவிடுமா? இன்னொரு சந்தேகம். வாசலை ஒட்டியுள்ள நான்கு பாத்தி செவ்வந்தி மட்டும் தளதளவென்று வளர்கிறது, மொட்டு வைக்கவில்லை. என்ன உரம் கொடுக்கலாம்?

(நிலக்கோட்டை வட்டாரத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அந்த ஒரே கம்பம் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கம்பத்தைச் சரி செய்யுங்கள்

இதைப் படித்தவுடன் அந்த லைட்டுக்குப் போகும் இணைப்பை மெயினில் அணைத்துவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. கம்பத்தில் மாடு, ஆடு கட்டும் வழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். துணி காயப்போடும் கம்பியை அதில் கட்டியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள்.

‘லேசாகச் சுருக்கென்று’ இருப்பது சின்ன விஷயம் இல்லை. செருப்புப் போட்டுக்கொண்டு, காய்ந்த தரையில் நிற்கும் உங்களுக்கு அது சுருக்கென்று இருக்கும். ஈரச் சாணத்தின் மேல் வெறும் குளம்போடு நான்கு காலையும் அகட்டி நிற்கிற மாட்டுக்கு அதே கசிவு உயிரைப் பறித்துவிடும். மனிதர் தாங்கும் அளவுக்குக்கூட மாடு தாங்காது. வெறுங்காலோடு விளையாடும் குழந்தைக்கும் ஆபத்துதான்.

கசிவு எங்கிருந்து வருகிறது? ஹாலஜன் விளக்கு பயங்கரமாகச் சூடாகும். அந்தச் சூட்டில் விளக்குப் பெட்டிக்குள் போகும் ஒயரின் மேல்தோல் வருடக்கணக்கில் வெந்து, நொறுங்கி உதிர்ந்துவிடும். உள்ளே இருக்கும் கம்பி பெட்டியைத் தொடும். பெட்டி கம்பத்தைத் தொடும். அல்லது, கம்பத்தின் உள்ளே இழுத்த ஒயர் குழாயின் விளிம்பில் உரசித் தேய்ந்திருக்கலாம். இரண்டாவதுதான் காரணம் என்றால், எத்தனை விலை கொடுத்துப் புது லைட் வாங்கினாலும் ஷாக் அப்படியேதான் இருக்கும். விளக்கைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் விழுந்த கதையாகிவிடக் கூடாது.

ஆகவே, லைட் வாங்குவதற்கு முன் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து இந்த நான்கு வேலைகளையும் முடியுங்கள்.

ஒன்று, பழைய ஒயரை முழுவதும் எடுத்துவிட்டு, வெயில் மழை தாங்கும் மூன்று கோர் காப்பர் கேபிள் போடச் சொல்லுங்கள். 1.5 சதுர மி.மீ. அளவு போதும். நடுவில் எங்கும் முறுக்கி ஒட்டிய ஜாயின்ட் இருக்கக் கூடாது.

இரண்டு, எர்த். லைட்டின் பெட்டி, இரும்புக் கம்பம் இரண்டையும் வீட்டின் எர்த்தோடு இணைக்க வேண்டும். எர்த் குழி கோடையில் காய்ந்து போகாமல் தண்ணீர் விட்டு வாருங்கள். நியூட்ரலையே எர்த்தாகக் கொடுப்பதையும், போர்வெல் குழாயில் எர்த் கட்டுவதையும் ஏற்காதீர்கள். கசிவு வரும் நாளில் தண்ணீர் பிடிக்கப் போகிறவருக்கு அது ஆபத்து.

மூன்று, ஆர்.சி.சி.பி. என்கிற லீக்கேஜ் பிரேக்கர். 30 மில்லி ஆம்பியர் அளவு வாங்குங்கள். மின்சாரம் ஒயரை விட்டு மண்ணுக்கோ உடம்புக்கோ பாய்ந்தால் கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். எம்.சி.பி. இந்த வேலையைச் செய்யாது. அது அதிக லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும் மட்டும்தான். இரண்டும் வேண்டும். ஆர்.சி.சி.பி.யில் ‘டெஸ்ட்’ என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். டக்கென்று விழுந்தால் நல்ல நிலையில் இருக்கிறது என்று அர்த்தம். விழாவிட்டால் மாற்றிவிடுங்கள்.

நான்கு, சுவிட்ச் ஃபேஸ் ஒயரில் இருக்கிறதா என்று சரிபார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் நியூட்ரலில் சுவிட்ச் வைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் லைட் அணைந்த பிறகும் விளக்குப் பெட்டி வரை மின்சாரம் நிற்கும். சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று நம்பி ஏணியில் ஏறுகிறவர் தூக்கி எறியப்படுவார்.

எத்தனை வாட்ஸ்?

வாட்ஸ் என்பது லைட் சாப்பிடும் மின்சாரத்தின் அளவு. தரும் வெளிச்சத்தின் அளவு லூமென். பெட்டியில் இரண்டும் அச்சிட்டிருக்கும். 500 வாட்ஸ் ஹாலஜன் விளக்கு தருவது சுமார் 9,000 முதல் 10,000 லூமென்தான். மீதி முழுவதும் சூடாகப் போய்விடும். இப்போதைய சுமாரான எல்.இ.டி. ஃபோகஸ் லைட்கூட ஒரு வாட்ஸுக்கு 100 லூமென் அளவில் தருகிறது. ஆக, பழைய வெளிச்சமேதான் வேண்டும் என்றாலும் 80 முதல் 100 வாட்ஸ் போதும். 200 வாட்ஸ் என்பது பழையதைப் போல இரண்டு மடங்கு வெளிச்சம்.

அந்தப் பழைய வெளிச்சமே உங்களுக்குத் தேவையா என்பதுதான் அடுத்த கேள்வி. 40 அடிக்கு 30 அடி வாசலில் வந்து நிற்பது யார் என்று தெரியவும், பாம்பு கிடந்தால் கண்ணில் படவும் 50 வாட்ஸ் எல்.இ.டி. தாராளம். அதையும் ஒரே லைட்டாகப் போடாமல், 30 வாட்ஸில் இரண்டாகப் பிரித்துப் போடுவது நல்லது. ஒரே லைட்டாக இருந்தால் கொட்டகைக்குப் பின்னால் கன்னங்கரேலென்று நிழல் விழும். ஆடு திருட வருகிறவர் அங்கேதான் பதுங்குவார்.

என் யோசனை இதுதான். வாசலுக்கு ஒரு 30 வாட்ஸ் லைட், இரவு முழுவதும் எரியட்டும். ஆட்டுப்பட்டிப் பக்கம் இன்னொரு 30 வாட்ஸ் லைட், ஆள் நடமாட்டம் தெரிந்தால் மட்டும் எரியும் சென்சாரோடு இருக்கட்டும். எந்நேரமும் எரியும் லைட்டைவிடத் திடீரென்று எரியும் லைட்தான் திருட வருகிறவரைத் திடுக்கிட வைக்கும். வீட்டில் இருக்கிறவர்களுக்கும் அது ஓர் எச்சரிக்கை. சென்சாரை ஆடுகள் நிற்கும் இடத்துக்கு நேராக வைக்காமல், ஆள் வரும் வழிக்குக் குறுக்காக வையுங்கள். இல்லையென்றால் ஆடு அசையும்போதெல்லாம் எரியும். கடும் கோடையில், உடம்புச் சூட்டுக்கும் காற்றின் சூட்டுக்கும் வித்தியாசம் குறையும்போது சென்சார் கொஞ்சம் மந்தமாகும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பில் எவ்வளவு குறையும்?

500 வாட்ஸ் லைட் இரவு 10 மணி நேரம் எரிந்தால் 5 யூனிட். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட். 30 வாட்ஸ் எல்.இ.டி. அதே 10 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 18 யூனிட். சென்சார் லைட்டுக்கு இன்னும் இரண்டு யூனிட் சேர்த்தாலும் மொத்தம் 20. மிச்சம் 280 யூனிட். யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று வைத்துப் பார்த்தாலும் ஒரு பில்லுக்கு 1,400 ரூபாய்.

உண்மையில் இதைவிட அதிகமாகவே மிச்சமாகலாம். நம் மாநிலத்தில் வீட்டு இணைப்புக்கு முதல் சில யூனிட்டுகள் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், கீழ்ப்படியில் இருக்கும் சில யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறிவிடும். உங்கள் மின் அட்டையை எடுத்துப் பாருங்கள். பயன்பாடு 500-ஐ ஒட்டியோ தாண்டியோ இருந்தால், அந்த ஒரு லைட்தான் உங்களை மேல்படிக்குத் தள்ளியிருக்கும். ஹாலஜன் குழல் சுமார் 2,000 மணி நேரம்தான் உழைக்கும். நீங்கள் எரிக்கும் கணக்கில் ஏழு மாதம்கூட ஆகாது. அதை வாங்கும் செலவும் இனி இல்லை.

ஒரு விஷயம். பில்லுக்குப் பயந்து வாசல் லைட்டை மோட்டார் இணைப்பிலிருந்து இழுக்க நினைக்காதீர்கள். இலவச விவசாய இணைப்பு பாசனத்துக்கானது. மோட்டார் ரூமில் சிறு விளக்கு வைத்துக்கொள்ளலாம், வீட்டு வாசலுக்குக் கொண்டுவரக் கூடாது. பிடிபட்டால் 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ம் பிரிவின்படி, அனுமதியில்லாத பயன்பாடு என்று இரு மடங்கு கட்டணம் போடுவார்கள். 20 யூனிட்டுக்காக அந்த வம்பு தேவையில்லை.

வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

பெட்டியில் ‘ஐ.பி. 65’ அல்லது ‘ஐ.பி. 66’ என்று இருக்க வேண்டும். முதல் எண்ணான 6, தூசி புகாது என்பதைக் குறிக்கும். இரண்டாவது எண், பீய்ச்சி அடிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்பதைக் குறிக்கும். ‘ஐ.பி. 20’ என்று இருந்தால் அது வீட்டுக்குள் போடும் லைட்.

பி.ஐ.எஸ். முத்திரையும், ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

தாங்கும் வோல்டேஜ் அளவைப் பாருங்கள். தோட்டத்து லைனில் மாலையில் வோல்டேஜ் படுத்துவிடும், எல்லோரும் தூங்கிய பிறகு ஏறிவிடும். ‘220 - 240’ என்று மட்டும் போட்டிருக்கும் லைட் அங்கே நிலைக்காது. 100 முதல் 300 வோல்ட் வரை தாங்கும் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். இடி மின்னல் அதிகமுள்ள ஐப்பசி, கார்த்திகையைத் தாண்ட, சர்ஜ் தாங்கும் அளவு 4 கே.வி. என்றாவது இருக்கட்டும். வாரன்டி தேதியும் கடை முத்திரையும் போட்ட பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

நிறத்தில், பளீர் வெள்ளையைவிட மஞ்சள் கலந்த ‘வார்ம் ஒயிட்’ வாங்குங்கள். பெட்டியில் 3000 கே என்று இருக்கும். நீலம் கலந்த பளீர் வெள்ளைக்குப் பூச்சிகள் அதிகமாக வந்து மொய்க்கும். கறக்கும் இடத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நேர் மேலே ஃபோகஸ் லைட் மாட்ட வேண்டாம். கறவை நேரத்துக்குக் கொட்டகைக்குள் 20 வாட்ஸ் எல்.இ.டி. டியூப் ஒன்று தனி சுவிட்சில் இருந்தால் போதும்.

மாட்டும்போது என்ன கவனிக்க வேண்டும்?

லைட்டிலிருந்து மூன்று ஒயர்கள் வரும். பச்சை அல்லது பச்சை-மஞ்சள் ஒயரை வெட்டிவிட்டு மற்ற இரண்டையும் இணைத்துவிட்டுப் போவது பல இடங்களில் நடக்கிறது. இரண்டை இணைத்தாலே லைட் எரியும், அதனால் யாரும் கேட்பதில்லை. அந்தப் பச்சை ஒயர்தான் எர்த். அது இல்லாவிட்டால் புது எல்.இ.டி. லைட்டின் அலுமினியப் பெட்டியும் சுருக்கென்று இருக்கும். கம்பத்தடியில் நின்று, அந்த ஒயர் எங்கே போகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

ஒயர் லைட்டுக்குள் நுழையும் இடம் கீழ்ப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். நுழையும் முன் ஒயரைக் கொஞ்சம் தொங்கலாக வளைத்துவிட்டால் மழைத் தண்ணீர் ஒயர் வழியாக உள்ளே போகாமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். லைட்டின் பின்புறம் காற்றுப்பட வேண்டும். எல்.இ.டி. ஹாலஜன் அளவுக்குச் சூடாகாது என்றாலும், அதன் சூடு பின்பக்கமாகத்தான் வெளியேறும். வைக்கோல்போரையும் கூரையையும் ஒட்டி மாட்ட வேண்டாம்.

12 முதல் 15 அடி உயரத்தில் மாட்டி, முகத்தைத் தரையைப் பார்த்துச் சாயுங்கள். நேராக நிமிர்த்தி வைத்தால் வெளிச்சம் தூரமாகப் போகும், ஆனால் வாசலுக்கு வருகிறவரின் கண் கூசும். ரோட்டில் பைக்கில் போகிறவருக்கும் கண் கூசி விபத்தாகும். நீங்கள் திண்ணையில் நின்று பார்த்தாலும் அந்தக் கூச்சத்துக்குப் பின்னால் நிற்பவர் தெரியமாட்டார்.

செவ்வந்திக்கு உரம் வேண்டாம், இருட்டு வேண்டும்

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. செவ்வந்தி, நீண்ட இரவு கிடைத்தால் மொட்டு வைக்கும் பயிர். இரவு இடையறாமல் இருட்டாக இருந்தால்தான் ‘பூக்கும் காலம் வந்துவிட்டது’ என்று செடி உணரும். இரவில் வெளிச்சம் பட்டால் இன்னும் பகல் நீள்கிறது என்று எண்ணி, தழையாக வளர்ந்துகொண்டே போகும். பசுமைக்குடிலில் செவ்வந்தி வளர்ப்பவர்கள் பூப்பைத் தள்ளிப்போட வேண்டும் என்றே இரவில் பல்பு எரிய விடுகிறார்கள். அவர்கள் காசு செலவழித்துச் செய்வதை, உங்கள் வாசல் லைட் நீங்கள் கேட்காமலே செய்துகொண்டிருக்கிறது. மற்ற பாத்திகள் பூத்து, வெளிச்சம் படும் நான்கு பாத்திகள் மட்டும் நிற்பது அதைத்தான் காட்டுகிறது.

இதற்கு மிகக் கொஞ்ச வெளிச்சமே போதும். அதனால் 200 வாட்ஸ் எல்.இ.டி. போட்டிருந்தால் நான்கு பாத்தி எட்டாகியிருக்கும். வார்ம் ஒயிட் போட்டாலும் செடி ஏமாறாது. வெளிச்சம் பாத்தியில் விழாமல் செய்வது மட்டுமே வழி. கம்பத்தை மாற்ற முடியாவிட்டால், லைட்டை வீட்டுப் பக்கம் திருப்புங்கள். பாத்திப் பக்கம் தகரத்தில் ஒரு மறைப்பு அடியுங்கள். இரவில் பாத்திக்குள் நின்று லைட்டைப் பாருங்கள். எரியும் முகம் கண்ணுக்குத் தெரிந்தால் செடிக்கும் தெரியும், இன்னும் கொஞ்சம் சாயுங்கள்.

செய்துவிட்டு மூன்று, நான்கு வாரம் பொறுங்கள். மொட்டு கட்ட ஆரம்பித்தால் காரணம் வெளிச்சம்தான். அதுவரை யூரியா போட வேண்டாம். தழைதான் இன்னும் கூடும். அப்போதும் மொட்டு வராவிட்டால் ஒரு செடியை வேரோடு எடுத்துக்கொண்டு தோட்டக்கலை அலுவலரைப் பாருங்கள். பருவத்துக்குக் கட்டுப்பட்டுக் கதிர் விடும் பழைய சம்பா ரகங்களிலும் இதே தொல்லை உண்டு. தெருவிளக்கு ஓரத்து நெல் மட்டும் பச்சையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

கேள்வி: எங்கள் களத்தில் 150 வாட்ஸ் சோடியம் விளக்கு இருக்கிறது. பெட்டியை மாற்றாமல் பல்பை மட்டும் கழற்றி, அதே ஹோல்டரில் எல்.இ.டி. பல்பு போடலாமா?

பதில்: அப்படியே போடக் கூடாது. சோடியம் விளக்குப் பெட்டிக்குள் சோக், இக்னைட்டர், கெப்பாசிட்டர் மூன்றும் இருக்கும். விளக்கைப் பற்றவைக்க இக்னைட்டர் ஆயிரக்கணக்கான வோல்ட் துடிப்பை அனுப்பும். அது பட்டால் எல்.இ.டி. அங்கேயே போய்விடும். மூன்றையும் எலக்ட்ரீஷியன் துண்டித்துவிட்டு, ஹோல்டருக்கு நேரடியாக இணைப்புக் கொடுத்தால் போடலாம். ஆனால் மூடிய பழைய பெட்டிக்குள் எல்.இ.டி. பல்பு சூடு தாங்காமல் சீக்கிரம் கெடும். கம்பத்தை வைத்துக்கொண்டு பெட்டியோடு மாற்றுவதே மேல். கழற்றிய சோடியம், மெர்க்குரி விளக்குகளையும் பழைய டியூப் லைட்டையும் உடைக்காதீர்கள், எருக்குழியில் போடாதீர்கள். உள்ளே பாதரசம் இருக்கும். அந்த எரு நாளை உங்கள் வயலுக்குத்தான் போகும். அட்டைப் பெட்டியில் வைத்து, மின்னணுக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

கேள்வி: எல்.இ.டி. லைட்டை அணைத்த பிறகும் மின்மினிப் பூச்சி போல மங்கலாக எரிகிறது. லைட்டில் கோளாறா?

பதில்: பெரும்பாலும் லைட்டில் கோளாறு இருக்காது. சுவிட்ச் நியூட்ரலில் இருந்தால் இப்படி ஆகும். குண்டு பல்பு இருந்த காலத்தில் இந்தச் சிறு கசிவு கண்ணுக்குத் தெரியவில்லை. எல்.இ.டி. அதைக் காட்டிக்கொடுக்கிறது. அணைத்த பிறகும் அந்த லைட்டில் மின்சாரம் நிற்கிறது என்பதால், சுவிட்சை ஃபேஸுக்கு மாற்றும் வரை மெயினை அணைக்காமல் அதைத் தொட வேண்டாம். சுவிட்சில் இண்டிகேட்டர் விளக்கு இருந்தாலும், ஒயர் வெகுதூரம் போனாலும்கூட மங்கலாக எரியும். அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. எது காரணம் என்பதை எலக்ட்ரீஷியன் டெஸ்ட்டர் வைத்து ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

உங்கள் கேள்விகளை அஞ்சலட்டையிலேயே எழுதி அனுப்பலாம். லைட், மோட்டார், ஸ்டார்ட்டர் எதுவானாலும், பெட்டியில் அச்சிட்டிருக்கும் விவரங்களையும் சேர்த்து எழுதினால் பதில் சொல்ல வசதியாக இருக்கும்.